பில் இல்லாத பெட்டி

ரெபேக்கா உட்காரவில்லை. காட்டிய நாற்காலியை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, நின்றபடியே இருந்தாள்.

"நல்ல நாற்காலிதாங்க," என்றான் செல்வமணி. "நாலு காலுல ஒண்ணுக்கு மட்டும் கொஞ்சம் அபிப்பிராய பேதம்."

அவள் சிரிக்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த கொர்னேலியஸும் சிரிக்கவில்லை. அவர் சிரித்துச் செல்வமணி பார்த்ததே இல்லை. தங்கச் சுரங்கத்தின் காவல் பிரிவான வாட்ச் அண்ட் வார்டில் ஹவில்தாராக இருந்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வரும் ஆட்களைக் கேட்டில் நிறுத்தி, டவுசர் மடிப்பிலும் டிபன் பாக்ஸிலும் தங்கம் தேடியே தலைமயிர் நரைத்தவர். கைகுலுக்கும்போதே எதிராளியின் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று கண்டுகொள்வார். இந்த வருஷத் தொடக்கத்தில் சுரங்கத்தை மூடினார்கள். கேட்டும் போயிற்று, தேடுவதற்குத் தங்கமும் போயிற்று. சந்தேகம் மட்டும் மிச்சம். அதை முதலாகப் போட்டு, ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்துவிட்டார்.

அவருக்கு உதவியாள் செல்வமணி, அதே பஜாரில் ரெடிமேட் கடைக்காரர் மகன். பேரம் பேசக் கற்றுக்கொண்ட பிறகுதான் பேசவே கற்றுக்கொண்டான் என்று ஊரில் சொல்வார்கள்.

"இன்னாம்மா தொலைஞ்சு போச்சு?" என்றார் கொர்னேலியஸ்.

"பாதி கம்ப்யூட்டர், அங்கிள்."

"எந்தப் பாதி?" என்றான் செல்வமணி.

"கண்ணுக்குத் தெரியாத பாதி."

அவள் சொன்னது இதுதான். விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், ஒரு டிசைன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி திரும்பிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் துணி ஏற்றுமதி செய்கிற வேறொரு கம்பெனி, துணியில் அச்சடிக்கும் படங்களை வீட்டிலிருந்தே வரைந்து கொடுக்கிறாயா என்று கேட்டது. ஒரே நிபந்தனை. அவ்வளவு பெரிய படத்தை அவளுடைய சொந்த மெஷின் தாங்குகிறதா என்று அவர்கள் ஆள் உதய் நேரில் வந்து பார்ப்பார். ரெபேக்கா வேலையை விட்டாள். ராபர்ட்சன்பேட்டை பிரதாப்பிடம், டிசைன் வேலைக்கென்றே இன்னின்ன பாகம் வேண்டும் என்று சொல்லி ஒரு கம்ப்யூட்டர் கோத்து வாங்கினாள். கடையில் ஓடியது. வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை ஓடியது. அதற்கப்புறம் படுத்துக்கொண்டது.

"லெட்டர் அடிச்சா ஓடுது அங்கிள். யானைய தெறந்தா அப்படியே நின்னுடுது."

"யானையா?"

"ஃப்ராக்குக்கு யானை வரிசை வரைஞ்சிருக்கேன். அதான் சாம்பிள்."

"யானை கனந்தானே," என்றான் செல்வமணி. "பிரதாப் இன்னா சொல்றான்?"

"போன் பண்ணா மொதல்ல கரண்ட் சரியில்லன்னான். ஸ்டெபிலைசர் வாங்கினேன். அப்புறம் சுரங்கத்துக் கழிவு கொட்டின சயனைடு மேட்டு தூசுன்னான். சன்னல் சாத்தினேன். அப்புறம் வைரஸ்ன்னான்."

"அடுத்தது வாஸ்துன்னு சொல்லியிருப்பான்."

"அடுத்தது நேர்லயே வந்தான். ஸ்விட்ச் போட்டான். ஸ்க்ரீன பாத்தான். ஒரு வார்த்தை பேசல. போட்டு வச்ச டீயக்கூட தொடாம போயிட்டான்."

கொர்னேலியஸின் விரல் மேஜையில் தாளம் போடுவதை நிறுத்தியது. "டீ குடிக்கல?"

"குடிக்கல. அதுக்கப்புறந்தான் நானே நோண்டிப் பாத்தேன். இருநூத்தி ஐம்பத்தாறு ரேம் கேட்டேன். நூத்தி இருபத்தெட்டுதான் காட்டுது. அது துணி வெட்டற மேஜை மாதிரி அங்கிள். பெரிய துணிய விரிக்கப் பெரிய மேஜை வேணும். என் மேஜைல பாதிய அறுத்து எடுத்துட்டான்."

"பில்ல காட்டு."

ரெபேக்கா இப்போதுதான் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடியது. "பில் இல்லாம போட்டா கம்மியாகும்னு நானே கேட்டு வாங்கினேன்."

செல்வமணி அவளை முதல் தடவையாக மரியாதையோடு பார்த்தான்.

"அப்ப அவன் இன்னா குடுத்தான்னு சொல்ல உன்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றார் கொர்னேலியஸ். "உதய் எப்ப வர்றாரு?"

"இன்னிக்கு மத்தியானம். பழைய வேலைக்கு வேற ஆள் எடுத்துட்டாங்க அங்கிள். யானை தெறக்கலன்னா எனக்கு இதுவும் இல்ல, அதுவும் இல்ல."

*

பிரதாப்பின் கடையில் உட்கார இடமில்லை. உட்காரும் இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர்கள் வயிறு திறந்து கிடந்தன. கவுன்ட்டரில் ஒரு ஆளை நிற்க வைத்து வியாபாரம் நடந்துகொண்டிருந்தது.

"இதப் பாருங்க சார்," விரல் நீளப் பச்சை அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினான் பிரதாப். அதன் ஓரத்தில் மஞ்சள் பற்கள் வரிசையாக மின்னின. "ரேம். ஓரம் பூரா கோல்டு. இருபத்திநாலு கேரட்டு. வேற கடைல தகரம் போடுவான்."

வந்தவர் மயங்கி, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். செல்வமணிக்குக் கை தட்டலாம் போலிருந்தது. அவன் அப்பா பாலியெஸ்டரைக் காட்டி "பட்டு மாதிரி" என்பார். "மாதிரி" என்ற வார்த்தையில் அவருடைய மனசாட்சி குடியிருந்தது. பிரதாப் அந்த வார்த்தையையும் மிச்சம் பிடித்துவிட்டான்.

கொர்னேலியஸ் கைநீட்டினார். குலுக்கினார். "ரெபேக்கா வூட்ல ஏன்யா டீ குடிக்கல?"

பிரதாப்பின் முகம் சுருங்கியது. "அந்தம்மா உங்ககிட்ட வந்துட்டாங்களா? விடுங்க. நான் சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன். சொல்லு."

"ரெண்டு ரேம் போட்டேன். அவங்க வூட்டு ஹால்ல, எல்லார் எதிர்லயும், ஒண்ண கழட்டி கைல எடுத்துக் காட்டிட்டுத்தான் திருப்பிப் போட்டேன். அன்னிக்குப் போய் ஸ்விட்ச் போட்டா பாதிதான் காட்டுது. பெட்டிய தெறக்கக்கூட இல்ல நான். ஒண்ண உருவி வித்துட்டு எங்கிட்டயே இன்னொண்ணு கேக்கறாங்கன்னு புரிஞ்சு போச்சு."

"அங்கியே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா, நீதான் பாதி போட்டேன்னு திருப்புவாங்க. பில் எங்க இருக்கு காட்ட? வயிறு எரிஞ்சுது. அதுல டீய வேற ஊத்தணுமா?"

கொர்னேலியஸ் அவனையே பார்த்தார். கேட்டில் பார்த்த பார்வை. அதைத் தாங்க முடியாமல்தான் எத்தனையோ பேர் தேடுவதற்கு முன்னாலேயே செருப்பைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

"கடைய பூட்டு," என்றார். "ரெண்டு பேர் எதிர்லயும் பெட்டிய தெறக்கணும்."

கொர்னேலியஸின் ஸ்கூட்டரில் மூன்று பேர் ஏறினார்கள். நடுவில் சந்தேகத்துக்குரியவர். செல்வமணி பிரதாப்பின் தலைக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, காற்றுக்குக் கத்தினான்.

"சார், இவன் இல்ல. தப்பு பண்ண வியாபாரி டீய குடிச்சிட்டு பிஸ்கட்டும் கேப்பான்."

"நீ அப்படி நெனைக்கணும்னே குடிக்காம வந்திருப்பான்."

"நான் நடுவுலதான் சார் உக்காந்திருக்கேன்," என்றான் பிரதாப்.

*

சுரங்கக் கம்பெனி தன் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த மைசூர் மைன்ஸ் லைன் வீடு அது. தகரக் கூரை, தாழ்ந்த வாசல். ஹால் என்று பிரதாப் சொன்னது வீட்டின் முக்கால்வாசி. அங்கே மேஜை மேல் கம்ப்யூட்டர், அதன் மேல் குரோஷா பின்னல் துணி. ரெபேக்கா துணியை எடுத்துவிட்டு, பிரதாப்பைப் பார்க்காமல் ஒதுங்கி நின்றாள். பிரதாப்பும் அவளைப் பார்க்காமல் ஒதுங்கினான். இருவரும் ஒதுங்க அந்த ஹாலில் இடம் போதவில்லை.

அவள் அப்பா பர்னபாஸ் கட்டிலில் இருந்து எழுந்தார். ஷாஃப்டில், சுரங்கத்தின் செங்குத்துக் குழியில், ஃபிட்டராக இருந்து, சுரங்கம் மூடியபோது வீட்டுக்கு வந்தவர்.

"வாங்க ஹவில்தாரே," என்று கைகூப்பினார்.

செல்வமணிக்கு ஏதோ இடித்தது. பஜாரில் எங்கே கொர்னேலியஸைக் கண்டாலும் இந்த மனிதர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார். கேட்டில் சோதனைக்கு நிற்பது போல. "தேடிக்கோ ஹவில்தாரே, பீடி கட்டுதான் கீது" என்பார். பஜாரே சிரிக்கும். இன்றைக்குக் கை மேலே போகவில்லை. கொர்னேலியஸ் அதைக் கவனித்தாரா என்று முகத்தில் தெரியவில்லை. அவர் முகத்தில் எதுவுமே தெரியாது.

பிரதாப் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தான்.

"தொடாதே," என்றார் கொர்னேலியஸ். சன்னலைத் திறக்கச் சொல்லி, பெட்டியின் முதுகை வெளிச்சத்துக்குத் திருப்பினார். "இது இன்னா?"

ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் தகடுக்கு ஓடுகிற மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் கோடு இருந்தது.

"மேட்டு தூசு, அங்கிள்," என்றாள் ரெபேக்கா. "எல்லாத்து மேலயும் படியும்."

"தூசு படியும். கோடு போடாது." விரலால் ஒன்றைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். "சாக்பீஸ். உன் கடைல இதெல்லாம் போடுவியா பிரதாப்?"

"எதுக்குப் போடணும்?"

"அதான் கேக்கறேன். சரி, தெறடா."

பக்கத் தகடு கழன்றது. பிரதாப் உள்ளே கையைக் காட்டினான். நீள வரிசையாகச் சில பள்ளங்கள். ஒன்றில் பச்சை அட்டை நின்றது. பக்கத்துப் பள்ளம் காலியாக இருந்தது.

"பாத்தீங்களா," என்றாள் ரெபேக்கா.

"பாத்தீங்களா," என்றான் பிரதாப், அதே நொடியில்.

"ஒண்ணு போட்டுட்டு ரெண்டுக்குக் காசு வாங்கியிருக்கான் அங்கிள்."

"ரெண்டு போட்டேன். ஒண்ண உருவிட்டு என்னைக் கள்ளன் ஆக்கறாங்க. சாமி முன்னாடி வேணா சத்தியம் பண்றேன்."

"எந்த சாமி முன்னாடி? அதுக்கும் பில் இருக்காது."

"ஒரு நிமிஷம்," என்றான் செல்வமணி. அவன் கண் அந்தக் காலிப் பள்ளத்தை விட்டு அகலவில்லை. "சார், எங்க அப்பா கடைல சட்டை டஜன் கணக்குல பெட்டில வரும். ஒரு தடவ சப்ளை பண்ணவன் நல்ல சட்டை ஒண்ண உருவிட்டான். நாங்க கண்டுபிடிக்கவே ரொம்ப நாளாச்சு. ஏன்னா அந்த இடத்துல ஒரு மட்டச் சட்டைய மடிச்சு வச்சிருந்தான். திருடறவன் எவனும் ஓட்டைய விட்டுட்டுப் போக மாட்டான். மட்டமான சரக்க வச்சு அடைப்பான். பிரதாப் ஏமாத்தியிருந்தா இங்க ரெண்டு அட்டை இருக்கும், ரெண்டும் அரை சைஸ்ல. இந்தம்மா வித்திருந்தாலும் ஒரு பழச வாங்கி சொருகியிருப்பாங்க, பேரத்துல அவங்க சாதாரண ஆள் இல்ல."

"அப்ப?"

"இத எடுத்த ஆள் திருடறதா நெனைச்சு எடுக்கல."

கொர்னேலியஸ் திரும்பாமலே கேட்டார்.

"பர்னபாஸ் அண்ணே. ஷாஃப்ட்ல போல்ட் முறுக்குனா அப்புறம் இன்னா பண்ணுவீங்க?"

"கோடு போடுவோம்," என்றார் பர்னபாஸ். குரல் கட்டிலுக்கடியிலிருந்து வருவது போல இருந்தது. "லூசாச்சுன்னா கோடு விலகும். அடுத்த ஷிஃப்ட் ஆளு பாத்தா தெரியும். கோடு போடாம வுட்டா கைக்கு நிம்மதி இருக்காது."

"இங்க அடுத்த ஷிஃப்ட்டு யாரு அண்ணே?"

ரெபேக்கா மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா?"

பர்னபாஸ் சமையல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு அலுமினிய டிபன் பாக்ஸ். அதை மேஜை மேல் வைத்தார். மூடியைக் கழற்றினார். ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். உள்ளே, துவைத்து மடித்த கைக்குட்டைக்குள் பச்சை அட்டை இருந்தது.

"ஐயோ தாத்தா," என்று பாயப் போன பிரதாப்பைக் கொர்னேலியஸின் கை நிறுத்தியது.

"டிபன் பாக்ஸ்ல எவனும் ஒளிக்க மாட்டான்," என்றார் அவர். "நாங்க மொதல்ல தெறக்கறதே அத்தத்தான்."

"நான் எங்க ஒளிச்சேன்? ஒப்படைக்க வச்சுக்கினு கீறேன்." பர்னபாஸ் பிரதாப்பைக் காட்டினார். "மெஷின் வந்த அன்னிக்கு இந்தத் தம்பி இதத் தூக்கிக் காட்டி, இருபத்திநாலு கேரட்டு தங்கம்னு சொல்லுச்சு. அப்பால என் பொண்ணு பில்லு இல்லாம வாங்கினேன்னு பெருமையா சொல்லுச்சு. லைன் வூட்டுல தங்கம், பில்லு இல்ல. நம்ம ஊர்ல அதுக்கு இன்னா பேரு ஹவில்தாரே?"

திருட்டுத் தங்கம் என்று சொல்லி எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார் என்பது கொர்னேலியஸுக்குத் தெரியும். பெட்டி படுக்கையோடு தெருவில் நின்ற குடும்பங்களை ஊருக்கும் தெரியும்.

"ரெண்டையும் கழட்டினேன்," என்றார் பர்னபாஸ். "ஸ்விட்ச் போட்டா மெஷின் கேஜ் மணி மாதிரி வுடாம கத்துச்சு. பயந்துட்டேன். ஒண்ணத் திருப்பி வச்சேன், வாய மூடிக்கிச்சு. சரி, பாதியாவது ஒப்படைச்சுடலாம்னு வாட்ச் அண்ட் வார்டு ஆபீசுக்குப் போனேன். பூட்டிக் கெடக்குது. மறுபடியும் போனேன். மறுபடியும் பூட்டு. தங்கத்த வாங்கிக்க ஆள் இல்லாத ஊர் ஆயிடுச்சு ஹவில்தாரே இது."

"என்கிட்ட வந்திருக்கலாமே?"

"நீ இப்ப பிரைவேட்டு."

பிரதாப் கையைப் பிசைந்தான். "தாத்தா, குடுங்க. சொருகிட்டா சரியாயிடும். அந்த பெங்களூர் சார் வந்துடுவாரு."

பர்னபாஸ் டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டார். "கணக்குல வராத தங்கம் என் கையால உள்ள போவாது. வூட்ட இன்னும் எங்க பேருக்கு எழுதல. யாரோ ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னா போதும்."

"அப்பா, என் வேலைப்பா," என்றாள் ரெபேக்கா. கெஞ்சலா கோபமா என்று அவளுக்கே தெரியாத குரல்.

"உன் வேலைக்குந்தான் சொல்றேன்."

செல்வமணி பிரதாப்பின் தோளில் கைபோட்டான். வியாபாரிக்கு வியாபாரி என்கிற தோரணை. "பிரதாப், அய்யாவுக்குப் பதில் சொல்லு. இது தங்கமா, கவரிங்கா?"

பிரதாப் சன்னல் பக்கம் பார்த்தான். சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். லைன் வீட்டில் ஒரு சுவருக்குக் கேட்டால் எல்லாச் சுவருக்கும் கேட்டது போல. தங்கம் என்றால் கிழவர் பாக்ஸை விடமாட்டார். கவரிங் என்றால் சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை அவனுக்கு முன்னால் ராபர்ட்சன்பேட்டை போய்ச் சேரும். அவன் கணக்குப் போடுவது செல்வமணிக்கு எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. தானாக இருந்தாலும் அந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பான்.

"கவரிங்," என்றான் பிரதாப், தரையைப் பார்த்து.

"அய்யாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். டிரில் பக்கத்துலயே இருந்தவரு."

"கவரிங், தாத்தா. மேல முலாம்தான். எல்லா ரேம்லயும் அதான். இதையெல்லாம் உருக்கினா மூக்குத்தி திருகாணிக்குக்கூட தேறாது."

"கேரட்டு?"

"அது வியாபாரத்துக்குச் சொல்றது."

பர்னபாஸ் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு கொர்னேலியஸைப் பார்த்தார். கொர்னேலியஸ் அட்டையைக் கைக்குட்டையோடு எடுத்தார். வெளிச்சத்தில் ஒரு பக்கம், மறுபக்கம். கேட்டில் செய்கிற மாதிரியே, அவசரமில்லாமல்.

"கவரிங்குதான் அண்ணே," என்றார். "போலாம்."

கேட்டில் சோதனை முடித்து அனுப்பும்போது சொல்கிற அந்த "போலாம்" பர்னபாஸின் தோளைப் பிடித்து உட்கார வைத்தது. "கவரிங்குக்கு பில்லு வேணாமே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உடனே தலையைத் தூக்கினார். "இருந்தாலும் ஒண்ணு போட்டுக் குடுத்துடு தம்பி. மொத்த மெஷினுக்கும்."

"டாக்ஸ் சேருமே தாத்தா."

"சேரட்டும், எழுது," என்றாள் ரெபேக்கா.

அட்டை உள்ளே போய் உட்கார்ந்தது. இத்தனை நாள் டிபன் பாக்ஸில் கிடந்தது உயிரோடு இருக்கிறதா என்று பிரதாப்புக்கே நிச்சயம் இல்லை. ஸ்விட்சைப் போட்டான். ஒரே ஒரு சத்தம். திரையில் எண்கள் ஓடி, நூற்றி இருபத்தெட்டைத் தாண்டின. ரெபேக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, மவுஸைப் பிடித்தாள். திரையில் மணல் கடிகாரம் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிரதாப் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் ஒரு தும்பிக்கை வந்தது. பிறகு ஒரு நீல யானை. அதன் வாலைப் பிடித்து ஒரு மஞ்சள் யானை. திரை நிறையும் வரை யானைகள் வந்துகொண்டே இருந்தன. எதுவும் நிற்கவில்லை.

ரெபேக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "எங்கிட்ட ஏம்பா சொல்லல? நான் தெனம் இது முன்னாடி உக்காந்து அழுதேனே, பாத்துக்கினுதானே இருந்தே?"

"சொன்னா உனக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றார் பர்னபாஸ். "புடிச்சா ரெண்டு பேரையும் புடிப்பான். தெரியாம இருந்தா என்னோட போவும்."

அவள் கை மவுஸிலேயே இருந்தது. ஒரு யானையைப் பிடித்து நகர்த்தினாள், திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கதவை யாரோ தட்டினார்கள். பர்னபாஸின் கண் முதலில் போனது கொர்னேலியஸ் பக்கம். கொர்னேலியஸ் தலையசைத்தார்.

"பெங்களூர் ஆளுதாம்பா," என்றாள் ரெபேக்கா. "வேலை கொண்டுவந்திருக்காரு. நீயே போய்த் தெற."

பர்னபாஸ் எழுந்தார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு, போய்க் கதவை அகலத் திறந்தார்.